முழங்கை வலியை வீட்டில் சொல்லுங்கள்

ஒளூவில் கைகளைக் கழுவுவதற்கு அல்லாஹ் வகுத்த எல்லை முழங்கை. அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் அதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஐவேளைத் தொழும் ஒருவரின் உள்ளங்கை ஒவ்வொரு நாளும் பல முறை அந்த மூட்டைத் தடவிச் செல்கிறது. அப்படியிருந்தும், அது வலிக்கத் தொடங்கும் வரை நாம் அதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதேயில்லை. வலிக்கத் தொடங்கிய பின்னரும் நம் இளைஞர்களில் பலர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. இக்கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது.

புதுக்கோட்டை, அறந்தாங்கி முதல் கோட்டைப்பட்டினம், மீமிசல் கரையோரம் வரை, இஷாவுக்குப் பிறகு நம் பிள்ளைகள் கூடும் இடங்களுள் உடற்பயிற்சிக் கூடமும் ஒன்றாகிவிட்டது. தேநீர்க் கடைத் திண்ணையிலும் கைப்பேசித் திரையிலும் கழிந்த நேரம் அங்கே செல்கிறதென்றால் நாம் மகிழவே வேண்டும். ஆனால் ஜிம்மில் சேர்ந்த சில மாதங்களில் முழங்கையின் வெளிப்புறமோ உட்புறமோ ஒரு வலி தொடங்குகிறது. முதலில் எடை தூக்கும்போது மட்டும் வலிக்கும். பிறகு தேநீர்க் கோப்பையை எடுத்தாலும், கதவுப் பிடியைத் திருகினாலும், ஒளூச் செய்ய நீர்க்குழாயைத் திறந்தாலும் வலிக்கும். வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்பது பிள்ளைக்குத் தெரியும். “உன்னை யார் தூக்கச் சொன்னது? நாளையிலிருந்து போகாதே” என்பார் அத்தா. அம்மாவோ பயந்து அழுவார். ஆகவே அவன் வீட்டில் சொல்வதில்லை. பக்கத்தில் நின்று எடை தூக்கும் நண்பனிடம் சொல்கிறான். அந்த நண்பன் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்கிறான். இன்னொருவன் ஓர் ஊசியின் பெயரைச் சொல்கிறான். நம் கவலை தொடங்குமிடம் இதுதான்.

எடை தூக்குவதே வீண்பெருமை என்று கருதும் பெரியவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இறைநம்பிக்கையாளர் இருவருள் வலிமையுள்ளவரே அல்லாஹ்வுக்கு அதிக விருப்பமானவர், இருவரிடமும் நன்மை உண்டு என்ற கருத்தில் அமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அகழ்ப்போரின்போது நபி (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். அவர்களின் வயிற்றைப் புழுதி மறைக்குமளவு சுமந்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. மஸ்ஜிதுந் நபவி கட்டப்பட்டபோது மற்றத் தோழர்கள் ஒவ்வொரு கல்லாகச் சுமக்க, அம்மார் (ரலி) இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்மீது படிந்திருந்த மண்ணைத் தம் கையால் தட்டிவிட்டார்கள். சுமை தூக்கும் உடலை இழிவாகப் பார்க்கும் பழக்கம் நம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று.

தமிழ் மண்ணிலும் அப்படிப்பட்ட பார்வை இருந்ததில்லை. இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்கு மேலாகப் பின்னே எறிபவனே மணமகனாகத் தகுந்தவன் என்று கருதிய கிராமங்கள் தென்மாவட்டங்களில் இருந்தன. இன்றைக்கும் பொங்கல் நாட்களில் சில ஊர்களில் அந்தக் கல் தூக்கப்படுகிறது. நம் மாவட்டத்தின் நெம்மேலிப்பட்டியைச் சேர்ந்த அனுராதா, காவல்துறை உதவி ஆய்வாளராகப் பணியாற்றிக்கொண்டே, 2019 ஜூலையில் சமோவா நாட்டின் ஆபியா நகரில் நடந்த காமன்வெல்த் பளுதூக்கும் சாம்பியன்ஷிப்பில் 87 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஆகவே புதுக்கோட்டைக்காரருக்குப் பளுதூக்கல் வெளியிலிருந்து வந்த மோகமன்று.

முழங்கையில் நேரும் தீங்கு இரு வகைப்படும். ஒன்று, கணப்பொழுதில் நேரும் விபத்து. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அர்மேனிய வீரர் ஆந்திரானிக் கராபெட்யான் 195 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்திய வேளையில் அவருடைய முழங்கை மூட்டு விலகியதை உலகமே பார்த்தது. அது அரிது. மற்றொன்று, ஓசையின்றி மாதக்கணக்கில் வளர்வது. நம் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே.

தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற பகுதியைத் தசைநாண் என்கிறோம். மணிக்கட்டையும் விரல்களையும் இயக்கும் தசைகள் முன்கையில் இருந்தாலும், அவற்றின் தசைநாண்கள் சென்று பற்றியிருப்பது முழங்கையின் இருபுறமும் உள்ள எலும்பு முனைகளில்தான். கம்பியை இறுகப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிறு முனையே இழுபடுகிறது. வெளிப்புற முனையில் வரும் வலிக்கு டென்னிஸ் எல்போ என்று பெயர். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அது வரும். சச்சின் டெண்டுல்கர் 2004இல் அதனால் ஆட்டங்களை இழந்து, 2005இல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதைக் கிரிக்கெட் பார்ப்போர் மறந்திருக்க மாட்டார்கள். உட்புற முனையில் வருவது கோல்ஃபர்ஸ் எல்போ. புல்-அப்ஸும், டம்பெல்லை மடக்கித் தூக்கும் பயிற்சியும் அளவு மீறும்போது அது வருவதுண்டு. பெஞ்ச் பிரஸ், டிப்ஸ் போன்று கையை நீட்டித் தள்ளும் பயிற்சிகளை அளவின்றிச் செய்தால் முழங்கையின் பின்புறம் வலிக்கும். உட்புறத்தில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்தது போல் இருக்குமே, அந்த நரம்பு நசுங்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இது தசைநாண் வலியிலிருந்து வேறுபட்டது. தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம். தசைநாணுக்குக் குறைவு. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே தசை வலுப்பெறத் தொடங்கிவிடும். தசைநாண் அதே சுமைக்குப் பழக மாதங்கள் ஆகும். தன் தசை தூக்கிவிட்டதைக் கண்டு இளைஞன் எடையைக் கூட்டுகிறான்; தசைநாண் இன்னும் பின்தங்கியே நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் நோய் நுழைகிறது.

நம் வீடுகளின் நாட்காட்டி இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. நிக்காஹ் தேதி குறித்ததும், மூன்று மாதத்தில் தோளும் கையும் திரள வேண்டும் என்று ஜிம்முக்குள் நுழையும் மாப்பிள்ளைகள் உண்டு. இளவட்டக்கல் இன்றும் வேறு உருவில் உருண்டுகொண்டுதான் இருக்கிறது! நாற்பது நாள் விடுப்பில் வரும் சபராளி, அந்த நாற்பது நாளுக்குள் ஓராண்டுப் பயிற்சியை முடிக்கப் பார்க்கிறார். ரமளான் முழுவதும் பயிற்சியை விட்டவர்கள், ஷவ்வால் பிறை தெரிந்த மறுவாரமே ஷஅபானில் தூக்கிய அதே எடைக்குத் திரும்புகிறார்கள். சிறிதாயினும் இடைவிடாமல் செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை வணக்கங்களுக்கு மட்டும் உரியதாக ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும்? ஒரு மாதம் விட்டவர் பாதி எடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினால் அவருடைய முழங்கை அவருக்கு நன்றி சொல்லும்.

இனி ஊசிக்கு வருவோம். ஸ்டீராய்டு என்ற ஒரே சொல்லில் இரு வேறு மருந்துகளை நம் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, வலியும் வீக்கமும் குறைய மூட்டருகே மருத்துவர் போடும் கார்ட்டிசோன் வகை. மற்றொன்று, தசையைப் பெருக்க ஜிம் வட்டாரங்களில் கைமாறும் அனபாலிக் வகை.

முதல் வகை, முறையான மருத்துவம்தான். ஆனாலும் டென்னிஸ் எல்போவைப் பொறுத்தவரை அதை நாம் அவசரப்பட்டுக் கேட்டு வாங்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 165 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்று தெளிவான பாடத்தைத் தந்தது. ஊசி போட்ட சில வாரங்களில் வலி நன்றாகவே குறைந்தது. ஓராண்டுக் காலத்திற்குள்ளோ, ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கு வலி திரும்பிவிட்டது. வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கே திரும்பியது. வலி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நம்பிப் பழைய எடைக்கே திரும்புகிறவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் வகையைப் பற்றி மென்மையாகப் பேச நமக்கு விருப்பமில்லை. மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்தை, பெயர்கூடச் சரியாக அச்சிடப்படாத குப்பியில் வாங்கி, நண்பனின் கையால் போட்டுக்கொள்வது தன்னைத்தானே அழிவில் தள்ளிக்கொள்வதாகும். அல்லாஹ் அதைத் தடுத்திருக்கிறான். அது இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். ஆணின் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். நிக்காஹ்வுக்காக உடலை வளர்க்கப் புறப்பட்டவன் குழந்தைப்பேற்றையே பணயம் வைக்கிறான். நாம் பேசும் முழங்கைக்கும் இதில் பங்குண்டு. தசை மட்டும் செயற்கையாகப் பெருத்து, தசைநாண் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது அது அறுந்துவிடும் ஆபத்து கூடுகிறது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைக்கும் மாத்திரைகளும் கவனத்துக்குரியவை. வலிநிவாரணியை விழுங்கிவிட்டுப் பயிற்சிக்குப் போவது, அபாய மணியின் கம்பியை அறுத்துவிட்டு உறங்கப் போவதற்குச் சமம். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் நம் வீடுகளில் எளிதாக வாங்கி விழுங்கப்படும் சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே கடும் எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. அம்மருந்தை உட்கொள்ளும் நாட்களில் எடை தூக்குவதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இதுவரை ஜிம்மைப் பற்றியே பேசினோம். எடை தூக்குவோர் என்றதும் கண்ணாடி முன் நிற்கும் இளைஞன் மட்டுமே நினைவுக்கு வருவது நம் பார்வையின் குறை. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கரைக்கு வந்ததும் மீன் பெட்டியும் ஐஸ் பெட்டியும் தூக்குகிறவர்கள், சிமெண்ட் மூட்டை சுமப்பவர்கள், பரோட்டா மாவை அடித்து வீசும் மாஸ்டர்கள் ஆகியோரின் முழங்கைகளும் அதே தசைநாண்களால் ஆனவைதான். அவர்களுக்கு ‘ஓய்வு நாள்’ என்று பயிற்சியாளர் எவரும் எழுதித் தருவதில்லை. அடிகுழாயில் அடித்துக் குடத்தை இடுப்பில் ஏற்றி, துணி பிழிந்து, குழந்தையை ஒரு கையில் தூக்கியபடியே மறு கையால் சமைக்கும் நம் பெண்களுக்கும் இதே வலி வருகிறது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது டென்னிஸ் எல்போவைத் தூண்டுவதில் எந்த டம்பெல்லுக்கும் குறைந்ததன்று. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தசைநாண் நோய்கள் கூடுதலாக வருகின்றன என்பதையும் நடுத்தர வயதினர் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஃபாத்திமா (ரலி) அவர்களின் கை திருகையால் நொந்த செய்தி நாம் எல்லோரும் பயான்களில் கேட்டது. திருகை சுற்றிச் சுற்றித் தம் கைபட்ட துன்பத்தை அவர்கள் தம் தந்தையிடம் முறையிடச் சென்றார்கள். தந்தை வீட்டில் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், மகளும் மருமகனும் படுக்கைக்குச் சென்றுவிட்ட நேரத்தில் அவர்களின் வீட்டுக்கே வந்தார்கள். எழ முயன்ற இருவரையும் எழ வேண்டாமென்றார்கள், அவர்களுக்கிடையே அமர்ந்தார்கள். பணியாளைக் காட்டிலும் சிறந்த ஒன்றைச் சொல்லித் தருவதாகக் கூறி, 33 முறை ஸுப்ஹானல்லாஹ், 33 முறை அல்ஹம்து லில்லாஹ், 34 முறை அல்லாஹு அக்பர் என்ற திக்ரைக் கற்றுக் கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இச்செய்தியை, பெண்கள் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு மட்டும் ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. நமக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. மகளால் தன் கைவலியைத் தந்தையிடம் சொல்ல முடிந்தது. மதீனாவின் ஆட்சிப் பொறுப்பைச் சுமந்த அந்தத் தந்தை அதை அற்பமாக எண்ணவில்லை; இரவில் நடந்து வந்து அருகில் அமர்ந்தார்கள். “யார் உன்னை அரைக்கச் சொன்னது?” என்று கேட்கவில்லை.

உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களும் தம் உடல் வலியை நபி (ஸல்) அவர்களிடம் சொன்னார்கள். வலிக்கும் இடத்தில் கையை வைத்து பிஸ்மில்லாஹ் கூறி துஆச் செய்யுமாறு அவருக்குக் கற்றுத் தரப்பட்டது. மருந்து செய்துகொள்ளுமாறும் நபிமொழி நமக்குக் கட்டளையிடுகிறது. துஆவும் மருந்தும் ஒன்றை ஒன்று விலக்குபவையல்ல.

என்ன மருந்து? பெரும்பாலான முழங்கை வலிகளுக்குச் சுமையைச் சீர்செய்வதே முதல் மருந்து. முற்றிலும் படுத்துவிட வேண்டியதில்லை. வலியைக் கிளறும் பயிற்சியைச் சில வாரங்கள் நிறுத்தி, மற்றவற்றைக் குறைந்த எடையில் தொடரலாம். உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்தால் வலிக்கிறதென்றால், சுத்தியலைப் பிடிப்பது போலக் கட்டைவிரல் மேலே இருக்கும்படி பிடித்துப் பார்க்கலாம். வெளிப்புற வலிக்கு இயன்முறை மருத்துவர்கள் சொல்லித் தரும் எளிய பயிற்சி ஒன்றுண்டு. முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை கீழ்நோக்க, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து, மறு கையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு, மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். இதனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அந்தப் பொறுமைதான் கடினம். டென்னிஸ் எல்போ உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையின்றி ஓராண்டுக்குள் தேறிவிடுகிறார்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. தூக்கும்போது ‘பட்’டென்று ஓசை கேட்டு, மேற்கைத் தசை மேலேறிச் சுருண்டு, முழங்கை மடிப்பில் கருநீலம் படர்ந்தால் தசைநாண் அறுந்திருக்கலாம், நாட்களைத் தள்ளினால் அதைச் சேர்த்துத் தைப்பது கடினமாகும். கை மடங்காமலோ நீளாமலோ பூட்டிக்கொண்டாலும், விரல்கள் மரத்தாலும், மூட்டு சிவந்து காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே எலும்பியல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. கரையோரத்து மக்களுக்கு அறந்தாங்கி அரசு மருத்துவமனை அதைவிட அருகில் உள்ளது.

தொழுகையைக் குறித்தும் ஒரு சொல். ஸஜ்தாவில் உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி முழங்கைகளை உயர்த்தி வைப்பது நபிவழி. முழங்கையின் பின்புறம் வலிப்பவருக்கு அந்த நிலையும், அதிலிருந்து எழுவதும் வேதனை தரும். கைகளை ஊன்றி எழுவது ஷாஃபிஈ மத்ஹபில் ஸுன்னத். ஹனஃபி மத்ஹபில் கையூன்றாமல் எழுவார்கள். நம் மாவட்டத்தில் இரு மத்ஹபினரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். வலியோடு தொழுபவர் எதுவரை சலுகை எடுக்கலாம் என்பதைத் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் படுத்தும் தொழ அனுமதித்த மார்க்கம் இது. கைவலியால் ஒருவர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடக் கூடாது. அவர் எழும் விதத்தைப் பார்த்துப் பின் ஸஃப்பில் இருப்பவர் முகம் சுளிக்கவும் கூடாது.

ஜமாஅத்துகள் இதில் செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமன்று. நம் ஊர்களில் கண் சிகிச்சை முகாமும் இரத்ததான முகாமும் நடத்திப் பழகியிருக்கிறோம். அதே மதரஸாக் கூடத்தில் ஒரு ஞாயிறு இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்து, ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளையும் சுமை தூக்கும் தொழிலாளர்களையும் ஒன்றாக உட்கார வைக்கலாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். பெண் மருத்துவர் கிடைத்தால் நலம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும் என்பது நம் தாய்மார்களில் பலருக்குத் தெரியாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, தெருவில் யாருக்குத் தேவை என்ற பட்டியலைக் கொடுத்து வைப்பது நம் இளைஞர்கள் ஒரு மாலையில் முடிக்கக்கூடிய வேலை.

ஜிம் நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேருபவரிடம் கட்டணத்தையும் ஆதார் எண்ணையும் கேட்கிறீர்கள். சர்க்கரை உண்டா, எந்த மருந்து சாப்பிடுகிறார், எந்த மூட்டில் வலி என்ற மூன்று கேள்விகளையும் அதே படிவத்தில் சேர்த்துவிடுங்கள். மூட்டு வலி என்று எழுதியவருக்கு முதல் மாதம் கனமான கம்பியைத் தராதீர்கள்.